மாவு வண்டியின் புதுக் கமான்

தம்பிகளே, இந்த வருஷம் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் தங்கைகளே,

நம் மெக்கானிக் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று விடாமல் கேட்டீர்கள். எழுதிவிட்டேன். உங்களில் பாதிப் பேர் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். டீ குடிக்கிற நேரத்தில் ஒரு நாள் ரீல்ஸ் பார்க்காமல் இருந்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

அந்த ரீல்ஸையெல்லாம் நானும்தான் பார்க்கிறேன். பிக்கப் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, பளபளவென்று சிவப்பு ஷாக் மாட்டி, பாட்டுப் போட்டு நீங்கள் காட்டுகிற வேலை பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கம்பெனிச் சாமான்தான் உசத்தி, வெளிச் சாமான் மட்டம் என்று புலம்புகிற கிழவன் நான் இல்லை. வெளிச் சாமான் மாட்டித்தான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். தாராவி தொண்ணூறடி ரோட்டில் என் பட்டறை இருந்தவரை, எத்தனை வண்டிகளுக்கு அடியில் வில்லாக வளைந்த கமான் பட்டையைக் கூடுதலாக வைத்து முதுகை நிமிர்த்தியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

ஆனால் உங்கள் வீடியோக்களில் ஒன்றை மட்டும் நான் பார்த்ததே இல்லை. அந்த வண்டியில் என்ன ஏற்றப் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. எத்தனை கிலோ என்று கேட்கிறீர்கள். அது பாதிக் கேள்விதான். மீதிப் பாதி எனக்குத் தெரியவந்தது ஒரு டிரம் இட்லி மாவால். நடந்து ரொம்ப வருஷம் ஆகவில்லை. பட்டறையை மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான்.

ஜெபராஜ் என்று எனக்கு ஒரு வாடிக்கையாளன். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பையன், எங்கள் கோயிலுக்கே பூசைக்கு வருகிறவன். குடும்பமே மாவு வியாபாரம். அவனுடைய அக்கா லில்லி, புருஷனை இழந்தவள், தம்பியோடுதான் இருந்தாள். தாராவி வீட்டில் மாவு ஆட்டுவது அவள். ஜெபராஜின் மனைவி ஜெயா, செம்பூர் காட்கோபர் பக்கத்து ஓட்டல்களிலும் கடைகளிலும் ஆர்டர் பிடிப்பாள், இறக்கும்போது கூடவே நிற்பாள், யாராவது ஏசினால் அந்த ஏச்சையும் அவளே வாங்கிக்கொள்வாள். ஜெபராஜுக்கு வண்டி ஓட்டுகிற வேலை. மூன்று பேருக்கும் ஒரே அடுப்பு.

லில்லியின் மாவுக்கென்று ஒரு முறை உண்டு. சாயங்காலம் ஆட்டியதை டிரம்மில் முக்கால் மட்டத்துக்கு ஊற்றி வைத்துவிடுவாள். விடியும்போது அது தானாகப் பொங்கி விளிம்பைத் தொட்டு நிற்கும். அதற்குப் பிறகு அதில் கரண்டி படக்கூடாது, கலக்கக்கூடாது, காற்றும் படக்கூடாது. அவளே மூடியை அழுத்திப் போடுவாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து அலுங்காமல் குலுங்காமல் வண்டியில் ஏற்ற வேண்டும். ஏற்றுகிறவன் கொஞ்சம் தடுமாறினாலும் உள்ளேயிருந்து குரல் வரும்.

“ஏல, பிள்ளத்தாச்சியத் தூக்குத மாதிரி தூக்குல!”

அப்படிப் போய் இறங்குகிற மாவை ஓட்டல்காரர்கள் மெதுவாக மொண்டு நேராகத் தட்டில் ஊற்றுவார்கள். இட்லி பூப்போல வரும். லில்லி மாவு என்று பேரே இருந்தது.

வண்டிதான் பழசு. இறக்குவதற்குச் சுலபம் என்று ஜெபராஜ் எல்லா டிரம்மையும் பின்கதவோரமாகவே அடுக்குவான். பின்பக்கம் தரையோடு உட்கார்ந்து, மூக்கு வானத்தைப் பார்க்கும். ஒரு நாள் என்னிடம் வந்து, “அண்ணாச்சி, ரெண்டு பட்ட ஜாஸ்தி வச்சு விடுங்க” என்றான்.

“மொதல்ல டிரம்ம முன்னால தள்ளி அடுக்குல, சோம்பேறிப் பயலே. அப்புறம் பட்டையப் பத்திப் பேசலாம்” என்றேன்.

கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி. நாலு பேர் முன்னால் சொன்னது அவனுக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு ரொம்ப நாள் ஆளையே காணோம். பூசை முடிந்து வெளியே வரும்போதுகூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டு போவான்.

திரும்ப வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். வண்டியைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. பின்னால் தடித்தடியாகப் புதுக் கமான், பக்கத்தில் சிவப்பு ஷாக், எல்லாம் ஒரு செட்டாக எங்கேயோ போய் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான். நம்முடைய கிராக்கி இன்னொருத்தன் கடையில் சாமான் மாட்டிக்கொண்டு வந்து நின்றால் வயிறு எரியத்தான் செய்யும். எனக்கு எரிவதில்லை என்று உங்களில் யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

“என்ன வே, வண்டி மாப்பிள்ள கணக்கா நிக்கி?” என்றேன்.

“பின்னால கிரீச்சு கிரீச்சுங்குது அண்ணாச்சி. கொஞ்சம் பாருங்க” என்றான். புதுச் சாமான் மாட்டியவன் முகத்தில் இருக்க வேண்டிய களை அவனிடம் இல்லை.

சத்தம் ஒரு புஷ் சரியாக உட்காராததால் வந்தது. அதைச் சரிசெய்துவிட்டு, வெறும் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். பருப்பு மூட்டையோ இரும்புக் கம்பியோ ஏற்றுகிற வண்டிக்கு வைக்க வேண்டிய கமான் அது. சின்னப் பள்ளத்தில் இறங்கினால்கூட வண்டி தடக்கென்று குதித்தது. என் பல் கழன்று மடியில் விழாத குறைதான்.

திரும்பி வந்து டீ சொன்னேன். ஜெபராஜ் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான்.

“என்னல, யார்கிட்டயும் அடி வாங்கிட்டு வந்தியா?”

“வீட்டுல நிம்மதி இல்ல அண்ணாச்சி. அக்கா அம்பர்நாத்துக்கு மக வீட்டுக்குப் போறேன்னு நிக்கா. பையெல்லாம் கட்டி வச்சிட்டா.”

“ஏன்?”

“டிரம் கொறையுது. செம்பூர்ல மூடியத் தெறந்தா, விளிம்புலருந்து நாலு விரக்கட கீழ கெடக்கு. இட்லியும் கல்லாட்டம் வருதுன்னு ஓட்டல்காரன் ஏசுதான். ரெண்டு மூணு கட கைய விட்டுப் போச்சு.” டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னான். “அக்கா அக்கம்பக்கத்துல மொண்டு கொடுத்துட்டு, மிச்சத்துல தண்ணியக் கலக்குதான்னு ஜெயா நெனைக்கா.”

“நீ ஏத்தும்போது பாக்கலியா?”

“மூடிய அக்காதான போடுவா. பொங்குன மாவத் தெறக்கக் கூடாதுன்னு அவ சட்டம். நான் எங்க பாத்தேன்?” டம்ளரைப் பெஞ்சில் வைத்தான். “அக்கா பக்கம் பேசுனா பொண்டாட்டி சோறு போடமாட்டா. பொண்டாட்டி பக்கம் பேசுனா அக்கா சோறே திங்கமாட்டா. நான் என்னத்தப் பேச?”

ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் ஒரு கல்யாணம். காலைப் பலகாரத்துக்கு மாவு இவர்களுடையது. அந்த மாவும் குறைந்து இறங்கினால் இனி மைனி லில்லி ஆட்டுகிற மாவைத் தன்னால் விற்க முடியாது என்று ஜெயா சொல்லிவிட்டாளாம். அது வரைக்கும்தான் இந்த வீட்டில் இருப்பேன் என்று லில்லியும் சொல்லிவிட்டாளாம். இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசி நாளாயிற்று. எல்லாம் ஜெபராஜ் வழியாகத்தான்.

லில்லி மாவில் தண்ணீர் கலப்பாள் என்பதை நான் நம்பவில்லை. கோயில் திருவிழாவுக்கு அவள் மாவு ஆட்டிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். உளுந்தைக் கழுவுகிற கையிலேயே தெரியும் அவள் எப்படிப்பட்டவள் என்று. ஆனால் என் நம்பிக்கையை வைத்துக்கொண்டு ஜெயா என்ன செய்வாள்? ஓட்டல்காரன் மூடியைத் திறந்து காட்டுவது அவளிடம்தானே. ஜெயாவும் கெட்டவள் இல்லை. கண்ணால் பார்த்ததைத்தான் அவள் சொன்னாள்.

“எப்பலருந்து இப்பிடி?” என்று கேட்டேன்.

“கிறிஸ்மஸ் கழிச்சு.”

“இந்த செட்டு எப்ப மாட்டுன?”

“அதும் கிறிஸ்மஸ் கழிச்சுத்தான். ஏன் அண்ணாச்சி?”

எனக்கு உள்ளே ஒரு எண்ணம் ஓடியது. சொல்லவில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான். நம் தொழிலில் வாய் சும்மா இருக்காது. சத்தத்தைக் கேட்டதும், அது போச்சு, இது போச்சு என்று சொல்லிவிடுவோம். வண்டி மட்டும் என்றால் தவறாகச் சொன்னாலும் திருப்பி மாட்டிவிடலாம். இங்கே ஒரு பெண்ணின் பேர் கெட்டுக் கிடக்கிறது. குற்றம் மாவில் இல்லை, வண்டியில்தான் என்று நான் அன்றைக்கே சொல்லியிருந்தால் ஜெயா என்ன நினைப்பாள்? பெரியவர் லில்லிக்காகப் பரிந்து பேசுகிறார் என்று நினைப்பாள். இல்லாவிட்டால், இன்னொரு கடையில் மாட்டிய சாமானை மட்டம் தட்டுகிறார் என்று நினைப்பாள். வயிறு எரிந்துகொண்டிருந்த என்னிடமே எனக்கு அந்தச் சந்தேகம் இருந்தது.

“நாளைக்குக் காலைல லோடு ஏத்தும்போது நான் வீட்டுக்கு வாரேன். ஜெயாவையும் இருக்கச் சொல்லு” என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை காலை போனபோது டிரம்கள் மூடியோடு வரிசையாக நின்றன. லில்லி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். ஜெயா வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒருத்தியை ஒருத்தி பார்க்கவில்லை.

“ஒரு டிரம்மத் தெறக்கணும் தங்கச்சி” என்றேன்.

லில்லிக்கு முகம் சிவந்துவிட்டது. “எம் மாவ சோதிக்கத்தான் ஒங்களக் கூட்டிட்டு வந்தானா அண்ணாச்சி? இன்னும் யாரெல்லாம் பாக்கி இருக்காவ? போலீசையும் கூப்பிடச் சொல்லுங்க.”

“ஒம் மாவ நான் சோதிக்க வரல. வண்டியச் சோதிக்கத்தான் வந்தேன். அதுக்கு மாவு வேணும், அவ்வளவுதான்.”

அவளுக்கு அது புரியவில்லை. ஆனால் நான் விளையாடவில்லை என்பது தெரிந்தது. குனிந்து ஒரு டிரம்மின் மூடியை எடுத்தாள். விளிம்பு தட்ட வெள்ளைவெளேரென்று பொங்கி நின்றது மாவு. புளித்த வாசம் குப்பென்று வந்தது. நான் ஜெயாவைக் கூப்பிட்டேன்.

“எட்டிப் பாரு தாயி. எந்த மட்டத்துல இருக்கு?”

ஜெயா பார்த்தாள். “நெறயத்தான் இருக்கு” என்றாள். பிறகு மெதுவாக, “இன்னைக்கி நீங்க வந்திருக்கிய” என்றாள்.

லில்லி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த டிரம்மை மட்டும் மூடாமல், மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மற்றவற்றோடு ஏற்றச் சொன்னேன். ஜெயா வழக்கம்போல ஜெபராஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பின்னால் டிரம்களுக்கு நடுவில் ஏறிக்கொண்டு லில்லியைக் கூப்பிட்டேன்.

“நானா? எனக்கெதுக்கு?”

“ஏறு தங்கச்சி. ஒனக்குத்தான் முக்கியம்.”

சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏறுவது சட்டப்படி தப்பு. நான் செய்தேன் என்பதற்காக நீங்கள் செய்யாதீர்கள். போலீஸ் பிடித்தால் என் பேரைச் சொல்லாதீர்கள்.

லில்லி இத்தனை வருஷமாக மாவை வாசலோடு அனுப்பி வைக்கிறவள். வண்டி தெருமுனை திரும்பின பிறகு அதற்கு என்ன ஆகிறது என்று அவள் பார்த்ததே இல்லை. ஜெயாவுக்கோ மாவை இறங்குகிற இடத்தில்தான் தெரியும். நடுவில் இருக்கிற ரோட்டில் மாவோடு மாவாக உட்கார்ந்து போனவர் மூன்று பேரில் ஒருவரும் இல்லை.

துணியை விலக்கி வைத்துக்கொண்டோம். முதல் ஸ்பீட் பிரேக்கர் வந்தது. ஜெபராஜ் மெதுவாகத்தான் ஏற்றினான். அப்படியும் பின்சக்கரம் இறங்கும்போது தடக்கென்று ஒரு குத்து. டிரம்முக்குள் மாவு மூச்சு விட்டது. நான் பார்த்ததை அப்படித்தான் சொல்ல முடியும். நடுவில் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உடைந்தது. உடைந்த இடம் அமுங்கியது. கல் பதித்த ரோட்டில் போகும்போது ஒவ்வொரு கல்லுக்கும் டிரம் நடுங்கியது, மாவு பொசுக் பொசுக்கென்று உடைந்துகொண்டே இருந்தது. பழைய கமான் தளர்ந்து தரையைத் தொட்டாலும், அந்தக் குத்தையெல்லாம் அது தன்மேல் வாங்கிக்கொண்டிருந்தது. புதுசு எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. ரோட்டில் இருந்ததை அப்படியே மாவுக்குக் கொடுத்தது.

லில்லி முதலில் “ஐயோ, ஐயோ” என்றாள். பிறகு இரண்டு கையாலும் டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள், பிடித்தால் நிற்கும் என்பது போல. சயான் தாண்டும்போது மாவு விளிம்பை விட்டு நன்றாகக் கீழே போயிருந்தது. மேலே, பொங்கி நின்ற இடத்தில், டிரம்மின் சுவரில் வெள்ளையாக ஒரு வளையம் மட்டும் இருந்தது.

“மாதாவே” என்றாள். கண் நிறைந்துவிட்டது. “உளுந்து சரியில்லையோ, தண்ணி ஒத்துக்கிடலையோன்னு மாத்தி மாத்திப் பாத்தேனே அண்ணாச்சி. கட மாத்தி உளுந்து வாங்குனேன். ஒருவேள எங்கையிலதான் என்னமோ ஆயிப்போச்சோன்னு நெனச்சேன். அவ சொன்னதக்கூடத் தாங்கிக்கிட்டேன். எனக்கே எம் மேல சந்தேகம் வந்துச்சு பாத்தியளா, அதத்தான் தாங்க முடியல.”

விலக்கி வைத்த துணியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

செம்பூரில் வண்டி நின்றதும் ஜெயாவைப் பின்னால் வரச் சொன்னேன். அவள் ஏறி வந்து டிரம்மை எட்டிப் பார்த்தாள். நாலு விரக்கடை குறைந்திருந்தது. சுவரில் இருந்த வளையத்தைப் பார்த்தாள். வளையத்துக்குக் கீழே கிடந்த மாவைப் பார்த்தாள். பிறகு லில்லியின் கையில் துணியைத் தவிர ஒன்றும் இல்லை என்பதையும் பார்த்தாள். நானாக எதுவும் விளக்கவில்லை. அவள் புத்திசாலிப் பெண். இத்தனை நாள் சண்டையில் பேசாததை எல்லாம் அவள் முகம் ஒரு நிமிஷத்தில் பேசியது. ஆனால் லில்லியைத் தாண்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய்ப் புருஷனிடம் சொன்னாள்.

“இத இன்னைக்கே கழட்டுங்க.”

தப்பு தெரிந்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. மறுநாள் காலை கல்யாண லோடு போக வேண்டும். பட்டறைக்கு வந்தவுடன், “பழைய கமான எடுத்துட்டு வா, அதச் சீர் பண்ணி மாட்டிருவோம்” என்றேன். ஜெபராஜ் தலையைச் சொறிந்தான். அதைப் பழைய இரும்பு எடுக்கிற பங்கார்காரனுக்குப் போட்டுவிட்டானாம். தாராவிப் பங்காரில் போட்ட இரும்பு இந்நேரம் எந்த உலையில் என்னவாகக் கொதிக்கிறதோ!

“அண்ணாச்சி, இருக்கதுல ரெண்டு பட்டைய உருவிருங்க. இளகிரும்லா? ஒரு மணி நேர வேல. புதுசு வாங்குனா நேரமும் போவும், இதுவும் வேஸ்டு.”

உங்களிடமும் இப்படிக் கேட்பார்கள். கெஞ்சுவார்கள். அடுத்த நாள் கல்யாணம் என்பார்கள், ஆஸ்பத்திரி என்பார்கள், எல்லாம் உண்மையாகவே இருக்கும். பட்டையை உருவினால் வண்டி இளகத்தான் செய்யும். ஆனால் அந்தச் செட்டு ஒன்றையொன்று தாங்குகிற மாதிரி சேர்த்துச் செய்தது. நடுவில் இரண்டை எடுத்தால் மிச்சம் தாங்குமா, எந்தப் பாலத்தில் ஒடியும் என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத ஒன்றை மாட்டி, அதில் புருஷனையும் பெண்டாட்டியையும் உட்கார வைத்து அனுப்ப என்னால் முடியாது.

“மாவு அமுங்குனா மறுநாளைக்கு ஆட்டிக்கிடலாம்ல. நீ அமுங்குனா ஒங்கக்கா எங்க போய் ஆட்டுவா?” என்றேன்.

அவன் கோபித்துக்கொண்டு தெருமுனை வரை போனான். போகட்டும் என்று விட்டேன். இந்தத் தடவை நான் சத்தம் போடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தான். காட்கோபரில் ஒரு சாமான் கடைக்குப் போன் போட்டு, அந்த வண்டிக்கே உரிய சாதாரணக் கமானும் ஷாக்கும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் கொண்டுவர ஆள் இல்லை என்றார்கள். ஜெபராஜ் பஸ் பிடித்துப் போனான். வருவதற்குள் சிவப்புச் செட்டைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, வேறு எந்த வேலையையும் தொடாமல் காத்திருந்தேன். ஜெயா இரண்டு தடவை போன் செய்து, வந்தாச்சா என்று மட்டும் கேட்டாள். மூன்றாவது தடவை ஒன்றும் கேட்காமல், “மைனி சாப்பிடவே இல்ல அண்ணாச்சி” என்றாள். “போய்ச் சாப்பிடச் சொல்லு தாயி” என்றேன். “நான் சொன்னா சாப்பிடுவாங்களா?” என்று கேட்டாள்.

வெளிச்சம் இருக்கும்போதே மாட்டி முடித்தோம். அந்த வேலையை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. முடிந்ததும் தண்ணீர் நிரப்பிய டிரம்களை ஏற்றி, இந்த முறை கதவோரமாக அல்லாமல் முன்னால் தள்ளி அடுக்க வைத்தேன். வண்டி கொஞ்சம் உட்கார்ந்தது.

“உக்காருதே அண்ணாச்சி?” என்றான்.

“உக்காரட்டும். உக்காந்து எந்திக்கிறதுதான் கமானுக்கு வேல. ஒனக்கு அது வெறப்பா நின்னாத்தான் கெத்துன்னா, மாவு விக்காத, சிமெண்டு விக்கப் போ.”

அந்தச் சிவப்புச் செட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல சாமான். கம்பி ஏற்றுகிற ஒரு தாணே வண்டிக்குப் பிறகு நானே அதை மாட்டிக் கொடுத்தேன், அவன் என்னைக் கண்டால் இன்றைக்கும் கும்பிடுகிறான். மாட்டியவனும் கெட்ட வேலைக்காரன் இல்லை. வண்டி உட்காருகிறது என்று வந்தவனுக்கு உட்காராமல் செய்து கொடுத்தான். வண்டியில் என்ன வருகிறது என்று கேட்காமல் விட்டதுதான். அதனால் ஒரு வீடு உடைய இருந்தது. முட்டை, கண்ணாடி, கோழிக்குஞ்சு, பூக்கூடை, சாமி சிலை, மாவு என்று இந்த மும்பையில் பிக்கப்பில் ஏறாத பொருள் இல்லை. ஒரே எடைதான், ஆனால் ஒவ்வொன்றும் ரோட்டை வேறுவேறு மாதிரி தாங்கும். எத்தனை கிலோ என்று கேட்டு முடித்தபிறகு, என்ன ஏற்றுகிறாய் என்று கேளுங்கள். முடிந்தால் அதோடு ஒரு தடவை உட்கார்ந்து போய்ப் பாருங்கள். சட்டம் அனுமதித்த இடத்தில்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மாவு விளிம்பு குறையாமல் போய் இறங்கியது. கல்யாண வீட்டுச் சமையல்காரர் இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டு அனுப்பினார். நான் சொல்ல வந்தது அதை அல்ல. அன்று காலை வண்டி கிளம்பினதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

புதுக் கமான் எப்படி இருக்கிறது என்று பார்க்க நானும் போயிருந்தேன். டிரம்கள் ஏறி முடிந்தன. லில்லி வாசற்படியில் நின்றாள். கட்டி வைத்த பை உள்ளே சுவரோரம் இருந்தது எனக்குத் தெரிந்தது; அதை அவள் அவிழ்த்திருக்கவில்லை. முதல் நாள் முழுக்க ஜெயா அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று ஜெபராஜ் என் காதில் முணுமுணுத்தான். சில பேருக்கு வாய் நீளம், மன்னிப்புக் கேட்கிற வாய் மட்டும் கிடையாது. எனக்கும் அப்படித்தான், அதனால் ஜெயாவை நான் குறை சொல்லவில்லை.

ஜெயா கல்யாண வீட்டுக்குப் போவதற்காக நல்ல பட்டுச்சேலை கட்டியிருந்தாள். வண்டியின் முன்கதவைத் திறந்தாள், ஏறவில்லை. படியிலிருந்த லில்லியிடம் போய் அவள் கையைப் பிடித்தாள்.

“மைனி, நீங்க முன்னால உக்காருங்க. மாவு கூட நான் வாரேன்.”

லில்லி கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். ஜெயா விடவில்லை.

“நல்ல சேல கெட்டிருக்க. அழுக்காயிரும்” என்றாள் லில்லி. ரொம்ப நாளைக்குப் பிறகு அவளிடம் நேராகப் பேசியது அதுதான்.

“ஆவட்டும்” என்றாள் ஜெயா. லில்லியை முன்சீட்டில் ஏற்றிவிட்டு, தான் பின்னால் ஏறி டிரம்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள். பட்டுச்சேலையை மடித்துச் செருகிக்கொண்டு, பக்கத்தில் இருந்த டிரம்மின் மூடிமேல் கையை வைத்துக்கொண்டாள். ஏறக்கூடாது என்று சொல்ல வேண்டிய நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

ஜெபராஜ் வண்டியை எடுத்தான். தெருமுனையில் அந்த ஸ்பீட் பிரேக்கர் இருக்கிறது. அங்கே போனதும் முன்சீட்டிலிருந்து லில்லியின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

“ஏல, மெதுவாப் போல. பின்னால ஜெயா இருக்கா.”